எந்த ழ போட்டேன்?

எங்கள் ஆட்களின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கத் திருடன் கம்ப்யூட்டர் படிக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் காரின் நம்பரைப் பார்த்தாலே போதும். கார் நம்பரை லாட்டரியில் எழுதுவோம், போன் நம்பரின் கடைசியில் கேட்டு வாங்குவோம், பூட்டுக்கும் அதையே வைப்போம். நான் மட்டும் என்ன விதிவிலக்கா? கணவர் முதன்முதலில் வாங்கிய காரின் நம்பர்தான் எனக்கு எல்லாவற்றுக்கும். அந்தக் காரை இரும்புக் கடையில் போட்டுப் பல வருடம் ஆகியும் நம்பர் மட்டும் என்னோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் என் இமெயிலிலிருந்து எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் விளம்பரம் போயிருக்கிறது. உடம்பு இளைக்க வைக்கும் காப்பித்தூள் விளம்பரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பங்கு ஃபாதர் சிரித்துக்கொண்டே நிற்கிறார். “என்னம்மா, நான் அவ்வளவு குண்டாவா தெரியுறேன்?” எனக்கு மானமே போய்விட்டது. நான் வேலை பார்த்த பள்ளியின் பழைய தலைமையாசிரியை அதற்கும் மேலே போனார். போன் போட்டு, “எனக்கு ரெண்டு பாக்கெட் எடுத்து வைலா” என்றார்.

நான் ரெம்பியா பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு மகன் என்னைப் பாயா ரும்புட்டில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். அழைத்து வந்தானே தவிர அவன் அங்கே இல்லை. வாரம் முழுக்க சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமை வந்தால் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவான். ஆக வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் கடலோர உம்பாய்க்காரி. அப்பா மீன் லாரி ஓட்டியவர். ஆயர் கேரோவில் ஓர் அலுவலகத்தில் எல்லாருடைய கம்ப்யூட்டரையும் பார்த்துச் சரிசெய்கிற வேலை அவளுக்கு. நல்ல பெண் என்று ஊரே சொன்னது. ஊரே ஒன்றைச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

காப்பித்தூள் கூத்தைக் கேட்டுவிட்டு அவள்தான் ஆரம்பித்தாள். “அத்தே, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வச்சா இப்படித்தான் ஆகும். பாஸ்வேர்ட் மேனேஜர்னு ஒன்னு இருக்கு. எல்லாத்தையும் அதுவே வச்சுக்கும். நீங்க ஒன்னே ஒன்ன ஞாபகம் வச்சா போதும்.”

“அந்த ஒன்ன எவனாச்சும் கண்டுபிடிச்சா?”

“எல்லாம் போச்சு,” என்றாள் கூசாமல். “அதனாலதான் அது நீளமா இருக்கணும். வேற யாருக்கும் தெரியக் கூடாது. எனக்குக்கூட சொல்லாதீங்க.”

எனக்குக்கூட. அந்த வார்த்தை என் காதில் உறுத்தியது. நான் கேட்டேனா உனக்குச் சொல்லட்டுமா என்று? நான்கு நாள் அவளைக் குறுக்கு விசாரணை செய்தேன். அந்தக் கம்பெனிக்காரனே திறந்து பார்க்க மாட்டானா என்று கேட்டேன். அவர்களாலேயே திறக்க முடியாதாம். நாம் மறந்துவிட்டால்? அப்போதும் அவர்களால் முடியாதாம். இதை ஏதோ பெருமை போலச் சொன்னாள். வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, தொலைந்தால் என்னைக் கேட்காதே என்கிறவனிடம் யாராவது சாவியைக் கொடுப்பார்களா? அந்தக் கம்பெனி வீட்டிலேயே திருடன் புகுந்தால் என்ன என்றேன். புகுந்தாலும் உள்ளே இருப்பதெல்லாம் புரியாத எழுத்தாகத்தான் இருக்கும், நம்முடைய அந்த ஒரு சொல் இல்லாமல் அது குப்பை என்றாள். பதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவர்களைப் பள்ளி ஆபிஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறப்புப் பத்திரம் கொண்டு வராதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

ஆனால் காப்பித்தூள் என்னைப் பயமுறுத்தியிருந்தது. எனக்குப் பத்திரமாக இருக்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் எங்கள் கோவிலில் பூசையின்போது பைபிள் வாசகம் படிப்பவர். ஞாயிறு படிக்க வேண்டியதைச் சனிக்கிழமையே போனில் வாசித்துப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு, உச்சரிப்பைத் திருத்துவார். அந்தப் பதிவுகளைத் தனக்குத் தானே இமெயிலில் அனுப்பி வைத்துக்கொள்வார். அவர் போன பிறகு அவர் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் அவை இருப்பது தெரிந்தது. மொத்தம் முப்பத்தெட்டு. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மருமகள் வேலைக்குப் போனதும் ஒன்றைக் கேட்பேன். ஒன்றே ஒன்று. அடுத்த வெள்ளிக்கு ஒன்று மிச்சம் இருக்க வேண்டுமே. வீட்டில் வேறெங்கும் அவர் குரல் கிடையாது. அவருடைய கணக்குக்கும் அதே கார் நம்பர்தான் பாஸ்வேர்ட். காப்பித்தூள்காரன் அங்கேயும் புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் சரி என்றேன்.

அவள் என் போனில் அதைப் போட்டுக் கொடுத்தாள். “இப்ப அந்த ஒரு பாஸ்வேர்ட போடுங்க. ஒரு முழு வாக்கியமா போடுங்க. உங்களுக்கு மறக்கவே மறக்காத, வெளிய யார்கிட்டயும் சொல்லாத ஒரு விஷயமா இருக்கட்டும். நான் பாக்க மாட்டேன்,” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறக்கவே மறக்காத, யாரிடமும் சொல்லாத விஷயம். அன்று மத்தியானம்தான் அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டிருந்தேன். புளி தூக்கல், பூங்கா காந்தான் என்கிற இஞ்சிப்பூ, டாவுன் கெசும் இலை, வெண்டைக்காய். தமிழ் வீட்டு மீன் குழம்பில் இதற்கெல்லாம் என்ன வேலை? மலாய்க்காரர் கடையில் விற்கும் அசாம் பெடாஸை வைத்துவிட்டு மீன் குழம்பு என்று பெயர் சொல்கிறாள். வாரக் கடைசிக்கு வந்திருந்த மகனோ இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, “மா, சூப்பர்லா” என்கிறான். என் குழம்பை அவன் அப்படிச் சொல்லி வருடக்கணக்காகிறது. வயிறு எரிந்தது, புளியால் மட்டும் அல்ல. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆங்கில எழுத்தில் குத்தினேன்: இவள் வைப்பது மீன் குழம்பு இல்லை, அசாம் பெடாஸ். இரண்டு முறை கேட்டது, இரண்டு முறையும் குத்தினேன். என்ன ஒரு நிம்மதி!

“முடிஞ்சுதா அத்தே?”

“முடிஞ்சுதும்மா,” என்றேன் தேன் ஒழுக.

அதற்குப் பிறகு சௌகரியமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அது தானாகவே வாயில் நுழையாத நீளத்துக்குப் பாஸ்வேர்டுகளை உண்டாக்கி, தானாகவே போட்டது. கணவர் கணக்குக்கும் அப்படி ஒன்று. நான் விரலை வைத்தால் போதும், திறந்துவிடும். பழைய பாஸ்வேர்டுகளை எழுதி வைத்திருந்த நோட்டை மருமகள் சொன்னபடி கிழித்துப் போட்டேன். ஆனாலும் அவள் என் போன் பக்கம் வந்தால் என் கை தானாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். அவள் அதைக் கவனித்திருப்பாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தரை துடைக்கிற வாளிக்குள் போன் விழுந்தது. கடைக்காரன் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். புதுப் போன் வந்தது. மருமகள்தான் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தாள். கடைசியில் அந்தப் பாஸ்வேர்ட் மேனேஜர் பூட்டு வந்து நின்றது. புதுப் போன் என்பதால் விரல் போதாதாம். அந்த ஒரு வாக்கியத்தை எழுதச் சொன்னது.

எழுதினேன். தவறு என்றது. நிதானமாக எழுதினேன். தவறு. எனக்கு வாக்கியம் ஓர் எழுத்து பிசகாமல் ஞாபகம் இருக்கிறது, இது தவறு என்கிறதே! அப்படியென்றால் யாரோ மாற்றியிருக்க வேண்டும். போனைக் கையில் வைத்து ஒரு மணி நேரம் நோண்டியது யார்?

நேராக அடுப்படிக்குப் போனேன். “நீ மாத்திட்டியா?”

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். “எத அத்தே?”

“என் பாஸ்வேர்ட. நான் போட்டது சரிதான், அது தப்புங்குது. வேற யாரு தொட்டா இத?”

“மாத்தணும்னா பழசு தெரிஞ்சிருக்கணும் அத்தே. எனக்கு எப்படித் தெரியும்?”

“அதத்தான் நானும் கேக்குறேன். உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அழுகை இல்லை, கோபமும் இல்லை. அறைக்குள் போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து என் சாப்பாடு மேசையில் மூடியபடி இருக்கும், அவள் வேலைக்குப் போயிருப்பாள். மகனுக்குப் போன் போட்டு முறையிட்டேன். “மா, அவகிட்டயே கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்” என்றான். பாருங்கள், அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியுமாம்!

வெள்ளிக்கிழமை வந்தது. கேட்க ஒன்றும் இல்லை. காலை எட்டரைக்கு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது.

கணவர் கணக்கைப் பூட்டு இல்லாமல் நேரே திறக்கலாம் என்று நானே முயன்றேன். அது அவருடைய பழைய நம்பருக்கு ஒரு குறியீட்டு எண் அனுப்புவதாகச் சொன்னது. அந்த நம்பரை எப்போதோ நிறுத்திவிட்டோம். அதற்கே போன் போட்டுப் பார்த்தேன், மணி அடித்தது. ஓர் இளைஞன் எடுத்தான், மலாய்க்காரப் பையன். அவனுக்கு அந்த நம்பர் போயிருக்கிறது. தம்பி, உன் போனுக்கு ஓர் எண் வந்திருக்கும், அதை எனக்குப் படித்துச் சொல், இது என் இறந்துபோன புருஷனுடைய நம்பர் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது, நானாக இருந்தாலும் இதை நம்பியிருக்க மாட்டேன். “மக்சிக், ஜாஙான் தீப்பு லா,” ஆன்ட்டி, ஏமாற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மறுபடி போட்டால் போகவில்லை. என் நம்பரைத் தடுத்துவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை ஒருவன் மோசக்காரி என்றான்.

அந்த அவமானத்தில்தான், ஏன் என்று தெரியவில்லை, என் மேசை ஞாபகம் வந்தது. பள்ளியில் முப்பது வருடம் நான் செய்த வேலையே தமிழ்ப் பிள்ளைகளின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதுதான். ஒரே அப்பா, அண்ணன் பத்திரத்தில் அவர் பெயருக்கு ஓர் எழுத்து, தங்கை பத்திரத்தில் வேறு எழுத்து. எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு காது, ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிக்கு ஒரு காது. ‘ழ’ வந்தால் ஒருவர் ‘எல்’ போடுவார், ஒருவர் ‘இஸட் எச்’ போடுவார். மலாய்ச் சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு ஒரே எழுத்துதான். அசாம் பெடாஸை யாராலும் தப்பாக எழுத முடியாது. குழம்பைத்தான் எழுதிய கைக்குத் தகுந்த மாதிரி எழுதுவோம்.

வாக்கியம் எனக்குத் தெரியும். எந்த எழுத்தில் குத்தினேன் என்பதுதான் தெரியவில்லை. யாரும் மாற்றவில்லை. ஐயோ கடவுளே, நான் அந்தப் பெண்ணை என்ன சொல்லிவிட்டேன்!

ஒரு தாளை எடுத்து ‘ழ’வை மாற்றி மாற்றி எழுதினேன். மீனுக்கு ஒரு ‘இ’யா இரண்டா? இல்லை என்பதா, இல்ல என்பதா? எட்டு பத்து விதம் போட்டதும் அந்தப் பூட்டு, சிறிது நேரம் கழித்து வா என்று என்னை வெளியே நிறுத்தியது. சனிக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். மகன் அந்த வாரம் வரவில்லை. இதை எண்ணி, அடுக்கி, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவளிடம் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமலே வேலையை முடிக்க முடியுமா என்று பார்த்தேன், என் புத்தி அப்படி.

“ஒரு சொல்லு இருக்கு, அதுல ழ வருது,” என்றேன், சனிக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம்.

“என்ன சொல்லு அத்தே?”

“ஒரு... சாப்பாட்டுச் சாமான்.”

“பழமா?”

“குழம்பு.”

“என்ன குழம்பு?” கேட்டுவிட்டு அவளே சொன்னாள். “முழு வாக்கியமும் வேணும் அத்தே. ஒரு சொல்ல வச்சு ஒன்னும் பண்ண முடியாது. வேணாம்னா விட்டுடுங்க.”

விட்டுவிடலாம். முப்பத்தெட்டுக் குரலையும் விட்டுவிடலாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மடித்த துணியைப் பார்த்துச் சொன்னேன். “இவ வைக்கிறது மீன் குழம்பு இல்ல, அசாம் பெடாஸ்.”

அவள் கை நின்றது. ஒரு சட்டையின் கையைப் பிடித்தபடியே இருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. சிரித்திருந்தால் தேவலை, திட்டியிருந்தால் இன்னும் தேவலை. அவள் சட்டையை மடித்து முடித்து, அடுக்கின் மேலே வைத்துவிட்டு, மேசைக்கு வந்து ஒரு பேனாவை எடுத்தாள்.

“எந்த ழ அத்தே?”

“அதான் தெரியலம்மா.”

வேலையிடத்தில் பிறருடைய கோளாறைக் கேட்கிற குரலில் கேட்டுக் கேட்டு எழுதினாள். நான் பத்திரத்தில் எழுதுகிற மாதிரி ஒரு வரிசை, வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி ஒரு வரிசை. என் வாட்ஸ்அப் செய்திகளைத் தன் போனில் தேடி, நான் எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறேன் என்று பார்த்தாள். எல்லாம் ‘வரும்போது பால் வாங்கி வா’ வகைதான், அவளுக்கு நான் வேறென்ன எழுதியிருக்கிறேன்? ஒவ்வொன்றாகப் போட்டோம். தவறு. தவறு. காத்திருந்தோம். மறுபடியும் தவறு. மத்தியானம் தாண்டிவிட்டது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “அத்தே, இத எழுதும்போது கோவமா இருந்தீங்களா?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமா?”

“ரொம்ப.”

“கோவத்துல யாரும் குழம்புன்னு சொல்ல மாட்டாங்க. கொழம்புன்னுதான் சொல்வாங்க. வைக்கிறதுன்னு வராது, வெக்கிறதுன்னுதான் வரும். வாயில எப்படி வந்துச்சோ அப்படியே சொல்லுங்க. அன்னிக்கு மாதிரி.”

அவள் எதிரே உட்கார்ந்து, அவளையே அன்று மாதிரி திட்ட வேண்டும். சொன்னேன். முதலில் குரல் எழும்பவில்லை, சரியாகக் கேட்கவில்லை என்றாள், மறுபடியும் சொன்னேன். இவ வெக்கிறது மீன் கொழம்பு இல்ல, அசாம் பெடாஸ். என் வாயைப் பார்த்து அவள் எழுத்து எழுத்தாகக் குத்தினாள், ‘ழ’வுக்கு வெறும் ‘எல்’ போட்டு. பூட்டு திறந்தது.

கணவரின் கணக்கைத் தேடித் திறந்து, முதலில் வந்த பதிவை அவளே அழுத்தினாள். அவர் தொண்டையைக் கனைத்தார். இரண்டு வரி படித்தார். நிறுத்தினார். “ஏய், அந்த ஃபேன நிறுத்து, காத்துச் சத்தம் விழுது” என்றார். என்னைத்தான் சொல்கிறார். மருமகள் சட்டென்று எழுந்து போய் எங்கள் ஃபேனை நிறுத்திவிட்டாள். பிறகுதான் தான் செய்தது உறைத்து சுவிட்சின் மேல் கை வைத்தபடியே நின்றாள். நான் வாய்விட்டு அழுதேன். அவரை நினைத்தா, அவளை நினைத்தா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அழுது முடித்ததும் அவள் போனை என் பக்கம் நகர்த்தினாள். “பாஸ்வேர்ட மாத்திடுங்க அத்தே. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” சொல்லிவிட்டு முன்பு போலவே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மன்னிச்சுக்கோம்மா என்றேன் அந்த முதுகைப் பார்த்து. “பரவால்ல அத்தே,” என்றது முதுகு. அந்தப் பரவாயில்லையை நான் நம்பவில்லை. நம்பவும் கூடாது.

புதிதாக ஒன்றைப் போட்டேன். போட்டு முடித்ததும் அது இன்னொன்று கேட்டது. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன் பெட்டியைத் திறக்க யாரை அனுமதிக்கிறாய், ஒருவரின் இமெயிலைக் கொடு என்றது. மகன் பெயர்தான் முதலில் வந்தது. அவன் எந்த எழுத்தையும் உட்கார்ந்து தேடியவன் இல்லை. அவளுடையதைப் போட்டேன். சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு ஓர் இமெயில் போகும், அவள் சம்மதம் என்று அழுத்தினால்தான் செல்லுமாம். அதுவரை அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘காத்திருக்கிறது’ என்று இருக்கும்.

ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். சாப்பாடு போடுகிறாள், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், தலைவலி என்றால் தைலம் எடுத்துத் தருகிறாள். ஒன்றிலும் குறை இல்லை. போனில் மட்டும் இன்னும் காத்திருக்கிறது. மூன்றாவது திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பி வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டுவிட்டேன்.

“உனக்கு ஒரு இமெயில் வந்துச்சாம்மா? என் பேர்ல?”

“வந்துச்சு அத்தே.”

“தொறந்து பாத்தியா?”

“அன்னிக்கே பாத்தேன்.”

“அப்புறம்?”

அவள் அடுத்த காலணியையும் மாட்டினாள், நிமிர்ந்தாள். “யோசிச்சுட்டு இருக்கேன் அத்தே,” என்றாள். மரியாதைக் குறைவு கொஞ்சமும் இல்லை. கேட்டைச் சாத்திவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை. உள்ளே வந்து போனைத் திறந்து அவள் பெயரை மறுபடியும் ஒருமுறை பார்த்தேன்.